கொழிஞ்சாம்பாறையில் மலை தேடிய கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தப் பதிமூன்று பேரையும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் எழுப்பி, தலையில் ஹெல்மெட் மாட்டவைத்து, ஒரு தென்னந்தோப்புக்குள் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. நானாகவே கையைத் தூக்கி, "நான் கூட்டிக்கிட்டுப் போறேன் சார்" என்றேன். (கையைத் தூக்கும் வியாதி எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. பதில் தெரியுமா தெரியாதா என்பது கை மேலே போன பிறகுதான் ஞாபகம் வரும்.)

ஆறேழு வருஷம் இருக்கும். கஞ்சிக்கோட்டில் பம்ப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்குத் தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைத்தது. சென்னையை விட்டு, கேரள எல்லையில் பாலக்காட்டுப் பக்கமுள்ள கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்தோம். என் கணவர் ரகு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர், எந்த ஊரானாலும் அவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு பிளக் பாயிண்டும் போதும். எனக்கு அப்படியில்லை. புது ஊருக்கு வந்தால் முதலில் எந்த ரோடு எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டும், அதுவும் சைக்கிளில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாத ரோட்டைக் கண்டால் கால் தானாகத் திரும்பிவிடும்.

இந்த அரிப்பை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. வீட்டுக்காரம்மா சரசக்கா நான் முதல் நாள் சைக்கிளை வெளியே எடுத்தபோதே முகம் வாடிவிட்டார். "ஏனுங்க சுமதி, ஆபீஸ்ல வண்டி கிண்டி குடுக்கலீங்ளா? எங்க ஸ்கூட்டர் சும்மாதான் நிக்குது, எடுத்துக்கோங்" என்றார். வேண்டாம் அக்கா, உடம்புக்கு நல்லது என்றேன். அன்று சாயங்காலமே ஒரு கிண்ணத்தில் கேழ்வரகுக் கூழ் வந்தது. உடம்பு சரியில்லாத பெண் என்று முடிவுகட்டிவிட்டார்.

கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடைக்காரர் இன்னும் ஆழமாக யோசித்தார்.

"இங்க சைக்கிள் ஓட்ட நல்ல ரோடு எதுங்க அண்ணா?"

"எங்கீங்க போவோணும்?"

"எங்கயும் இல்லைங்க. சும்மா ஓட்டிக்கிட்டுப் போக."

"போயிட்டு?"

"திரும்பி வந்துருவேன்."

அவர் டீயை ஒரு ஆற்று ஆற்றிவிட்டு, "அதுக்கு இங்கயே இருந்துக்கலாமுங்க" என்றார். பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, பொள்ளாச்சி பஸ் வந்ததும் ஓடிப்போய்க் கையைக் காட்டி எனக்காக நிறுத்தியும் கொடுத்தார்.

கடைசியில் பாலக்காட்டு டவுனில் ஒரு சைக்கிள் சங்கம் இருப்பது தெரிந்து அதில் போய்ச் சேர்ந்தேன். தலைவர் பிரதீப் சார், மருந்துக்கடை வைத்திருக்கிறவர், மலையாளி. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை எல்லோரும் கிளம்பி நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, ஒரு ஓட்டலில் உட்கார்ந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சாப்பிட்டுத் திரும்புவார்கள். எனக்குச் சொர்க்கமாக இருந்தது. ஆனால் நாலு மாதமாகியும் அங்கே நான் 'சென்னைக்காரம்மா'தான். சரசக்கா தவிர இந்தப் பக்கத்தில் ஒருத்தர்கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. வெளியே சிரித்துக்கொண்டிருந்தேனே தவிர உள்ளே வலித்தது. ஊர் மாறி வந்தவர்களுக்கு அது தெரியும்.

அப்போதுதான் போடிமெட்டுப் பேச்சு வந்தது. ஜனவரியில் சங்கத்தார் இடுக்கிப் பக்கம் போவார்கள், போடியிலிருந்து போடிமெட்டு வரை சைக்கிளிலேயே ஏறுவார்கள். வேனில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். பதினொன்று நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த ஒரே இடத்துக்கு இரண்டு பேர் போட்டி: நானும், ஜோஜி என்கிற பையன் ஒருவனும். பையன் என்றால் இருபத்தெட்டு வயது, முட்டிக்குக் கீழே இரண்டு பலாப்பிஞ்சை ஒட்டிவைத்த மாதிரி கால். நான் சென்னைக்காரி. அதுவரை நான் ஏறிய உச்சபட்ச உயரம் ஒரு மேம்பாலம்.

"சென்னைக்காரம்மா நல்லா ஓட்டறீங்க. பக்ஷே கயற்றத்தில ஓட்டி நான் கண்டிட்டில்லல்லோ" என்றார் பிரதீப் சார். (கயற்றம் என்றால் ஏற்றம். அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் சங்கத்தில் எல்லோருக்கும் குரல் தழைந்துவிடும், கோயிலுக்குள் பேசுகிற மாதிரி.) "நம்ம பக்கத்தில பழக ஒரு கயற்றம் இல்லை. எல்லாத்துக்கும் தூரம் போகணும். பக்கத்தில ஒண்ணு கண்டுபிடிச்சு யார் எங்களைக் கூட்டிட்டுப் போறாங்களோ, அவங்களுக்கு அந்த சீட்."

என் கை மேலே போய்விட்டது.

அந்த வேனில் இடம் கிடைத்தால் நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிடுவேன் என்று உண்மையாகவே நம்பினேன். ஆனால் கிழக்குப் பாலக்காட்டில் எங்கே போய் ஏற்றத்தைத் தேடுவது? எங்கள் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினால் எந்தப் பக்கம் போவது என்று அது யோசித்துக்கொண்டு நிற்கும். தெற்கே மலை தெரியும்தான், ஆனால் தெரிகிற தூரம் வேறு, போய்ச் சேருகிற தூரம் வேறு.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போனில் ஒரு ஆப் வைத்திருப்பார்கள். போன வழி, தூரம், வேகம், எத்தனை மீட்டர் உயரம் ஏறினோம் என்று எல்லாவற்றையும் அது எழுதிவைக்கும். பக்கத்தில் வேறு யார் ஓட்டுகிறார்கள் என்றும் காட்டும். அதில் மூன்று நாள் கிண்டியதில் ஒரு மனிதர் அகப்பட்டார். பெயர் 'கிங் ஆறு'. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சேவல். தினமும் காலை ஐந்தரைக்குக் கிளம்பி எட்டு மணி வரை ஓட்டுகிறார். ஒரு நாள் விடுமுறை இல்லை, தீபாவளிக்கும் இல்லை. தூரம் பதினோரு கிலோமீட்டர்தான். ஆனால் ஏறிய உயரம் இருநூற்று எழுபது மீட்டர். அதுவும் எங்கே? என் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில், கால்வாய்க் கரைக்கு அந்தப் பக்கம்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த ஏற்றத்தின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சீப்பைத் திருப்பி வைத்த மாதிரி பதினெட்டுப் பல். ஏறுகிறார், இறங்குகிறார், ஏறுகிறார், இறங்குகிறார். ஒரே செங்குத்தான மேட்டில் பதினெட்டுத் தடவை பயிற்சி எடுக்கிற வெறியர் என்று நினைத்தேன். தேசிய அளவில் ஓட்டுகிற ஆளாக இருக்கும், தன்னடக்கத்தால் சேவல் படம் வைத்திருக்கிறார் என்றும் நினைத்தேன். கோடு ஏன் சாய்வாகப் போகாமல் நட்டுக்குத்தலாக மேலே போகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். தினமும் நூறு பம்பை அளந்து பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற பொம்பளை நான். அன்றைக்கு அந்த மூளையைத் தொழிற்சாலையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

தினமும் காலைக் காப்பியோடு அவர் ஓட்டத்துக்கு ஒரு லைக் போடத் தொடங்கினேன். இரண்டு மாதம் தவறாமல் போட்டேன். அப்புறம் தைரியம் வந்து, 'இந்த ஞாயிறு உங்கள் ஏற்றத்துக்கு எங்கள் சங்கமும் வரலாமா?' என்று இங்கிலீஷில் எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. சம்மதம். (அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது, யார் என்ன அனுப்பினாலும் மரியாதைக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பிவிடுவார் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த தகவல்.)

ரகுவிடம் காட்டினேன். "மலைன்னா தூரத்துலயே தெரியணுமே சுமதி?"

"உள்ள ஒளிஞ்சிருக்கும்."

"மலை ஒளியுமா?"

"ஒளிஞ்சிருக்கறதாலதான் இத்தனை நாளா யாருக்கும் தெரியல."

பிரதீப் சாரும் முதலில் சந்தேகப்பட்டார், அப்புறம் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "பழைய கல்குவாரி ஆயிருக்கும். குழிக்குள்ள இறங்கி ஏறறது" என்று எனக்காக அவரே ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு நடை போய்ப் பார்க்கலாமென்று போனேன். கால்வாய்க் கரையில் ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது. என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை குரைத்தது. போதும், நாளைக்குப் பதினாலு பேராக வருவோம் என்று திரும்பிவிட்டேன்.

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். மார்கழி மாதம், கணவாய்க் காற்று கிழக்கேயிருந்து மூஞ்சியில் அடித்தது. நான் முன்னால், பதிமூன்று பேர் பின்னால். போன் கைப்பிடியில் மாட்டியிருந்தது. கால்வாய்க் கரை, அப்புறம் ஒரு வாய்க்கால் பாலம், அப்புறம் தோப்புக்குள் போகும் மண்பாதை. "எண்ணூறு மீட்டர்ல முதல் ஏற்றம்" என்று பின்னால் திரும்பிச் சொன்னேன். எல்லோரும் கியரைக் குறைக்கிற சத்தம் வரிசையாகக் கேட்டது. அந்தச் சத்தத்தில் எனக்கு ஏற்பட்ட பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

"நானூறு மீட்டர். நூறு. இதோ, இங்கதான்."

அங்கே ஒரு தென்னைமரம் இருந்தது. அதில் ஒரு பழைய இரும்பு சைக்கிள் சாத்தியிருந்தது. சுற்றிலும் சப்பாத்திக் கல் மாதிரி சமமான தரை. போனைப் பார்த்தேன், கோடு இங்கேதான் மேலே கிளம்புகிறது. ஒருவேளை மரத்துக்குப் பின்னால் இருக்குமோ என்று மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு, முன்னால் போகிறவர் போகிற வழியில்தான் மற்றவர்கள் போக வேண்டும். பதிமூன்று பேரும் என் பின்னாலேயே அந்த மரத்தைச் சுற்றினார்கள். குழப்பத்தில் நான் இரண்டாவது சுற்றும் போனேன். அவர்களும் வந்தார்கள்.

மூன்றாவது சுற்றில் மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, என்னத்தீங்க தேடறீங்?"

அண்ணாந்து பார்த்தேன். மட்டைகளுக்கு நடுவே ஒரு ஆள்.

"இங்க... கிங் ஆறுன்னு ஒருத்தர்..."

"நானேதானுங்க. ஆறுச்சாமி."

"அந்த மலை எங்கங்க இருக்கு?"

"எந்த மலைங்க?"

அவர் இறங்கி வந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். இடுப்பில் கள்ளுக் குடுவை, முதுகுப்பக்கம் பாளை சீவும் கத்தி, சட்டைப்பையில் ஓடிக்கொண்டிருக்கிற போன். என் போனை வாங்கி, சீப்புப் பல்லை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் பக்கத்து மரத்தைப் பார்த்தார், அதற்கடுத்த மரத்தைப் பார்த்தார்.

"இது நானுங்க" என்றார்.

(என் பக்கத்து நியாயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கள்ளு இறக்கினால் போலீஸ், இந்தப் பக்கம் அது சர்க்கார் பதிவுள்ள உத்தியோகம். அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு, ஒரு மனிதர் விடிகாலையில் பதினெட்டு மரம் ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்குப் போவார் என்று எப்படித் தெரியும்? இந்த நியாயத்தை அன்று நான் எடுத்துச் சொன்னபோது யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. சங்கத்தில் பாதிப் பேர் இங்கேயே சிற்றூர்த் தாலுகாவில் பிறந்தவர்கள். அவர்களுக்கு அந்த நியாயமும் இல்லை.)

பிரதீப் சார் விரலை நீட்டி மரங்களை எண்ணினார். சிலவற்றில் மட்டும் கால் வைத்து ஏறத் தேங்காய் மட்டை கட்டியிருந்தது. பதினாறு, பதினேழு, பதினெட்டு. கணக்கு பொருந்தியது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது, அந்தப் பூமி கொஞ்சம்கூட மேடு பள்ளமில்லாமல் கிடந்தது.

"ஆப்பை எதுக்குங்க போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே.

"பால் ஊத்தற அண்ணனுக்கும் எனக்கும் ஒரு பேச்சுங்க, ஆருக்கு அலைச்சல் சாஸ்தின்னு. மச்சான் போன் குடுத்தப்ப இதையும் போட்டுக் குடுத்தாப்ல. சரி, ஒரு நடைக்கு நாம எவ்வளவுதான் போறோம், எவ்வளவுதான் ஏறறோம்னு தெரிஞ்சுக்கலாமுன்னுதானுங்க."

அடப்பாவி, என் ஜாதி. அந்தக் கேவலத்திலும் எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போயிற்று.

அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு இறங்கியது ஆறுச்சாமியின் மனைவி பூங்கொடி. இறுக்கமான கால்சட்டை போட்ட பதினாலு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். பார்வை, கூட்டத்திலிருந்த ஒரே பெண்ணான என்மேல் வந்து நின்றது. என் ஆப்பில் என் படம்தான் வைத்திருந்தேன், சேவல் இல்லை.

"நீங்கதானுங்ளா, தெனமும் காத்தாலைக்கு எங்கூட்டுக்காரருக்குக் கட்டைவிரலைக் காட்டறது?"

ஜோஜி சிரிப்பை அடக்க இருமினான்.

"அது வந்து... ஏற்றத்துக்குங்க. அவர் நல்லா ஏறுறார்னு."

"அவரு மரத்துல ஏறறத ஊட்டுக்குள்ள இருந்து நீங்க எப்படீங்க பாத்தீங்?"

பதில் சொல்லத் தொடங்கினேன். தரக்கட்டுப்பாடு, வரைபடம், மலை, போடிமெட்டு, வேன் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. பூங்கொடி பொறுமையாக முழுசும் கேட்டாள். அப்புறம் தூக்குப்போசியைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, "ரெண்டு மாசமாச் சண்டை போட்டது வீண்" என்றாள். "இந்தக்கா அப்படிப்பட்டவங்க இல்ல. இவங்களுக்கு வேற என்னமோ ஆயிருக்குது."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. வந்ததற்கு ஏதாவது ஏறியாக வேண்டுமென்று ஜோஜி ஒரு மரத்தில் ஏறிப் பார்த்தான். ஆள் உயரத்துக்குப் போய் மரத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இரண்டு பேர் காலைப் பிடித்து இறக்கினார்கள். அந்தப் பலாப்பிஞ்சுகள் நடுங்கியதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

பிரதீப் சார் மட்டும் சிரிக்காமல் ஆறுச்சாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாளைக்கு எத்தனை பிராவசியம் ஏறணும்?"

"காத்தால, மத்தியானம், பொழுதோட. மூணு தடவைங்க."

எல்லோரும் மனதுக்குள் மூன்றால் பெருக்கினோம்: எண்ணூற்றுப் பத்து மீட்டர். போடிமெட்டு ஏற்றம் சுமார் ஆயிரம். பிரதீப் சார்தான் வாய்விட்டுச் சொன்னார். "அப்போ போடிமெட்டு கயற்றம் இவருக்கு ஒண்ணேகால் நாள் ஜோலி." அடுத்து அவர் சொன்னதை எல்லோரும் எதிர்பார்த்தார்கள், நான் எதிர்பார்க்கவில்லை. "ஆறுச்சாமி, ஜனவரியில எங்க கூட வருமோ? ஒரு சீட் இருக்கு."

என் சீட்.

ஆறுச்சாமி கூச்சத்தில் நெளிந்தார். மரத்தை இரண்டு நாள் மச்சான் பார்த்துக்கொள்வானாம், ஆனால் இந்த இரும்புச் சைக்கிளில் மலை ஏற முடியாதே என்றார். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. நாலு மாத ஏக்கம், போனைக் கட்டிக்கொண்டு கிடந்த இரண்டு மாதம், எல்லாம் ஒரு தென்னை மரத்தடியில் முடிந்துபோயிற்று. இருந்தாலும் பாருங்கள், என் கை மேலே போய்விட்டது. "என்னோடதை எடுத்துக்கங்க."

ஜனவரியில் வேன் என் சைக்கிளோடு கிளம்பியது, நான் இல்லாமல். அன்று வாசலில் சைக்கிள் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரசக்கா நிலைமையைப் பார்த்து மறுபடியும் கூழ் அனுப்பினார். மத்தியானம் பிரதீப் சாரிடமிருந்து சேதி வந்தது: மற்றவர்கள் பாதி வளைவில் நாக்கைத் தள்ளிக்கொண்டு நிற்க, ஆறுச்சாமி மேலே போய் டீ குடித்து முடித்துவிட்டு, யாராவது விழுந்துவிட்டார்களோ என்று பார்க்கத் திரும்பிக் கீழே இறங்கி வந்துகொண்டிருக்கிறார்.

போடிமெட்டு உச்சியில் அவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. ரகு போனைப் பார்த்துக்கொண்டே வந்து, "உனக்கு ஒண்ணு காட்டட்டுமா?" என்றார். ஊரெல்லாம் வழி பார்க்கிற மேப்பில், கால்வாய்க் கரைக்கு அந்தப் பக்கம், தோப்புக்கு நடுவே ஒரு முக்கோணக் குறி. கீழே எழுதியிருந்தது: சுமதி மலை. மேலேயிருந்து அவர்கள் போனில் சொல்ல, என்னைப் போலவே இடம் கிடைக்காமல் ஊரில் இருந்த ஜோஜி போட்ட குறி. வேனில் போன பன்னிரண்டு பேரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்துக் கருத்தும் எழுதியிருந்தார்கள். 'பழகுவதற்கு ஏற்ற இடம்.' 'காற்று அதிகம், பிடித்துக்கொள்ளவும்.' பிரதீப் சார் மட்டும் மலையாளத்தில், 'சூக்ஷிக்கணம்' என்று ஒரே வார்த்தை போட்டிருந்தார். ஜாக்கிரதை என்று அர்த்தம்.

அதை எடுக்க எவ்வளவோ முயற்சி செய்தேன். இப்படி ஒரு இடம் இல்லை என்று எழுதிப்போட்டேன். உடனே யாரோ நாலு பேர், இருக்கிறது, போன வாரம்தான் போய்வந்தோம் என்று எழுதினார்கள். அதில் ஒருத்தி பூங்கொடி. அதற்குப் பிறகு ஊரில் என்னைச் சென்னைக்காரம்மா என்று ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. செக்போஸ்ட் டீக்கடையிலிருந்து சிற்றூர் பஸ் கண்டக்டர் வரைக்கும் 'மலை சுமதி'தான். (அடுத்த வருஷம் எனக்கும் வேனில் இடம் கிடைத்தது. போடிமெட்டுக்குப் பாதி வழி தள்ளிக்கொண்டே போனேன். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, பேச அவர்களுக்கு இதைவிட நல்ல விஷயம் இருக்கிறது.) ரகுவின் சொந்தக்காரர் யார் வந்தாலும் சாப்பாடு முடிந்ததும் இந்தக் கதையும் பரிமாறப்படும். மாமியார் இதைச் சொல்லும்போது தோப்பில் நாற்பது பேர் இருப்பார்கள். என் மகளிடம் பள்ளிக்கூடத்தில் உனக்குத் தெரிந்த மலை ஒன்றைச் சொல் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் அம்மா பேரைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

ஒரு இடம் கேட்டேன், வேனில். எனக்கு ஒரு மலையையே எழுதிவைத்துவிட்டார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயமுத்தூரிலிருந்து இரண்டு பேர் காரின் மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார்கள். புத்தம்புது ஹெல்மெட். முகத்தில் அந்த ஆர்வம், எனக்கு நன்றாகத் தெரிந்த ஆர்வம்.

"மேடம், இங்க சுமதி மலைன்னு ஒண்ணு இருக்காமே? எந்தப் பக்கம்?"

உள்ளே ரகு டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. நான் கால்வாய்ப் பக்கம் கையைக் காட்டினேன்.

"இப்படியே நேரா போங்க. கடைசில மட்டும் கொஞ்சம் செங்குத்தா இருக்கும்."